எட்டு கிட்டாரை ஒருவரே வாசித்தார்!

1948-ம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயர் "லவர்". அதில் பாட்டு இல்லை. கிட்டார் இசை மட்டும்தான்.

ரேடியோவில் அதைக் கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். ஒரு கிட்டார் அல்ல, இரண்டு கிட்டார் அல்ல, எட்டு கிட்டார்கள் ஒரே நேரத்தில் ஒலித்தன! சில கிட்டார்கள், மனித விரல் ஓட முடியாத வேகத்தில் ஓடின. வேறு சில, கிட்டாரில் இல்லாத உச்ச சுருதியில் கிணுகிணுத்தன. எட்டு வித்வான்கள் வட்டமாக உட்கார்ந்து வாசித்தது போல் இருந்தது.

ஆனால் வாசித்தவர் ஒரே ஒருவர்தான். வாசித்த இடமும் பெரிய ஸ்டூடியோ அல்ல. ஹாலிவுட்டில் ஒரு சாதாரண வீட்டின் கார் ஷெட்!

அவர் பெயர் லெஸ் பால். அந்த இசைத்தட்டு கடைகளில் விற்றுக்கொண்டு இருந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய வலது கையை வெட்டி எடுப்பதா, வேண்டாமா என்று டாக்டர்கள் யோசித்துக்கொண்டு இருந்தார்கள்.

ஓட்டை போட்ட பையன்

லெஸ் பால் 1915-ம் ஆண்டு ஜூன் மாதம் 9-ந் தேதி, விஸ்கான்சின் மாகாணத்தில் உள்ள வாக்கிஷா என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லெஸ்டர் வில்லியம் போல்ஸ்பஸ். மேடைக்கு இந்தப் பெயர் ஒத்துவராது என்று பிற்காலத்தில் லெஸ் பால் என்று சுருக்கிக்கொண்டார்.

அவர் சிறுவனாக இருந்தபோதே தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். தாய் எவ்லின்தான் வளர்த்தார். பையன் எதைக் கழற்றினாலும், எதை உடைத்தாலும் அடிக்காத தாய் அவர்.

வீட்டில் ஒரு பியானோ இருந்தது. அது தானாக வாசிக்கும் பியானோ. ஓட்டைகள் போட்ட நீளமான காகிதச் சுருளை அதற்குள் மாட்டவேண்டும். எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதோ, அதற்கு உரிய கட்டை தானே அமுங்கி ஒலிக்கும். இதைப் பார்த்துக்கொண்டே இருந்த லெஸ்டர் ஒரு நாள், தானும் சில ஓட்டைகளைப் போட்டான். பியானோ புதிதாகச் சில சுரங்களை வாசித்தது! சரியாக இல்லாத ஓட்டையைக் காகிதம் ஒட்டி அடைத்தான். ஏற்கனவே இருக்கும் இசையின்மேல் தன் இசையைச் சேர்க்கும் வேலையை அவன் அன்றே தொடங்கிவிட்டான்.

ஒரு நாள் தெருவில் சாக்கடைப் பள்ளம் தோண்டிக்கொண்டு இருந்த தொழிலாளி ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் மவுத் ஆர்கன் வாசித்தார். லெஸ்டர் வாயைப் பிளந்துகொண்டு எதிரே நின்றான். அந்த மனிதர் இரக்கப்பட்டு மவுத் ஆர்கனைப் பையன் கையிலேயே கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தாய் அதை வாங்கி, கொதிக்கும் வெந்நீரில் போட்டு எடுத்த பிறகுதான் வாயில் வைக்கவிட்டார். அப்போது அவனுக்கு வயது எட்டு.

அடுத்து பாஞ்சோ வந்தது. அதற்குப் பிறகு கிட்டார். கிட்டாரும் வாசிக்கவேண்டும், அதே நேரத்தில் மவுத் ஆர்கனும் ஊதவேண்டும். கைகள் இரண்டுதானே? சட்டை மாட்டும் கம்பியை வளைத்து, கழுத்தில் மாட்டும் ஒரு தாங்கியைச் செய்துகொண்டான். மவுத் ஆர்கன் வாய்க்கு நேரே நின்றது.

தண்டவாளமும் மரக்கட்டையும்

ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. கார்களை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே சாப்பிடுவார்கள். அங்கே லெஸ்டர் பாடி, வாசித்துக் காசு வாங்குவான். டெலிபோனைக் கழற்றி மைக் ஆக்கி, அதைத் தாயின் ரேடியோவில் இணைத்துப் பாடினான். ரேடியோவே ஒலிபெருக்கி ஆயிற்று.

ஒரு நாள் காரில் இருந்த ஒருவர் புகார் சொல்லி அனுப்பினார். பாட்டு கேட்கிறது, கிட்டார்தான் கேட்கவில்லை என்பது புகார்.

புகாரைக் கேட்டு லெஸ்டர் வருத்தப்படவில்லை. கிராமபோனில் முள் இருக்கும் பாகத்தைக் கழற்றி, கிட்டாரின் பலகையில் குத்தினான். அதன் கம்பியைத் தந்தை வீட்டு ரேடியோவில் இணைத்தான். கிட்டார் பலமாகக் கேட்டது. ஆனால் கூடவே "ஊ" என்று ஒரு ஊளைச் சத்தமும் வந்தது.

ஊளை ஏன் வருகிறது? கிட்டாரின் வயிறு வெறும் கூடு. வீணைக்குக் குடம் எப்படியோ, அப்படி. கம்பி அதிர்ந்தால் கூடும் அதிரும். அதனால்தான் சத்தம் பெரிதாகிறது. மின்சாரம் இல்லாத காலத்துக்கு இது சரி. ஒலிபெருக்கியை இணைத்ததும் வம்பு வருகிறது. ஒலிபெருக்கியின் சத்தம் வந்து கூட்டை அதிரவைக்கும். அந்த அதிர்ச்சி மறுபடியும் ஒலிபெருக்கிக்குப் போகும். இப்படிச் சுற்றிச்சுற்றி வந்து ஊளையாக மாறிவிடும்.

லெஸ்டர் கிட்டாருக்குள் கந்தல் துணியை அடைத்துப் பார்த்தான். சுண்ணச் சாந்தை ஊற்றிப் பார்த்தான். கடைசியில் ஒரு யோசனை பிறந்தது. கூடே இல்லாவிட்டால் என்ன?

வீட்டுக்குப் பக்கத்தில் ரெயில் பாதை இருந்தது. அங்கிருந்து சுமார் இரண்டரை அடி நீளமுள்ள ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்தான். அதன்மேல் ஒரு கிட்டார் கம்பியை இழுத்துக் கட்டினான். அடியில் டெலிபோனின் பாகத்தை வைத்து, ரேடியோவில் இணைத்தான். கம்பியைத் தட்டினான். ஊளையும் இல்லை, இரைச்சலும் இல்லை. தட்டிய சுரம் நீண்ட நேரம் நின்று ஒலித்தது!

தாயிடம் ஓடிப்போய்ச் சொன்னான். எந்த மாட்டுக்காரனாவது குதிரைமேல் உட்கார்ந்து தண்டவாளத்தை வாசித்துப் பார்த்திருக்கிறாயா என்று எவ்லின் கேட்டார். தாய் கேட்டது நியாயமான கேள்வி. தண்டவாளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு யார் மேடை ஏறமுடியும்? இரும்பின் உறுதி வேண்டும், ஆனால் தூக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அப்படியானால் கனமான மரம்தான் என்று அவன் மனதில் பதிந்தது.

கட்டைக்கு இறக்கை

17 வயதில் படிப்பை விட்டுவிட்டு, ஒரு வாத்தியக் குழுவோடு செயிண்ட் லூயிஸ் நகர ரேடியோவுக்குப் போனார். பிறகு சிகாகோ. அங்கே காலையில் "ரூபார்ப் ரெட்" என்ற பெயரில் நாட்டுப்புறப் பாட்டு. இரவில் லெஸ் பால் என்ற பெயரில் ஜாஸ் இசை. 1938-ல் நியூயார்க் போய், பிரெட் வாரிங் என்பவருடைய புகழ்பெற்ற வாத்தியக் குழுவில் சேர்ந்தார். நாடு முழுவதும் ரேடியோவில் அவருடைய கிட்டார் கேட்டது.

தண்டவாளம் மட்டும் அவர் மனதை விட்டுப் போகவில்லை. நியூயார்க்கில் எபிபோன் என்ற வாத்தியத் தொழிற்சாலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைக்கு விடுமுறை. அப்போது உள்ளே வேலை செய்ய லெஸ் பாலுக்கு அனுமதி கிடைத்தது. நாலு அங்குல அகலமும் நாலு அங்குல உயரமும் உள்ள ஒரு பைன் மரக்கட்டையை எடுத்தார். அதில் கிட்டாரின் கழுத்தைப் பொருத்தினார். கம்பிகளை மாட்டினார். கம்பிகளுக்கு அடியில், காந்தத்தின்மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிய பாகத்தை வைத்தார். இரும்புக் கம்பி காந்தத்தின் அருகே அதிர்ந்தால் செம்புச் சுருளில் மின்சாரம் எழும். அந்த மின்சாரம்தான் ஒலிபெருக்கியில் இசையாக வருகிறது.

இதற்கு அவர் "கட்டை" என்றே பெயர் வைத்தார். எடுத்துக்கொண்டு போய் ஒரு மதுக்கடையில் வாசித்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உத்திரக் கட்டையை ஒருவன் மடியில் வைத்துக்கொண்டு மீட்டினால் யார்தான் மதிப்பார்கள்?

லெஸ் பால் ஒரு கிட்டாரை நீளவாக்கில் இரண்டாக அறுத்தார். ஒரு பாதியைக் கட்டையின் இந்தப் பக்கமும், மறு பாதியை அந்தப் பக்கமும் இறக்கை போல் ஒட்டினார். இப்போது பார்வைக்கு அது கிட்டார். அதே கடைக்குப் போய் வாசித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள்! வாத்தியம் அதேதான், கேட்டவர்கள் காதால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டார்கள்.

கிப்சன் என்ற பெரிய வாத்தியக் கம்பெனியிடம் கட்டையைக் கொண்டுபோய்க் காட்டினார். துடைப்பக் கட்டையில் மின்சாரம் ஏற்றியிருக்கிறான் என்று கேலி செய்து அனுப்பிவிட்டார்கள்.

1941-ல் இன்னொரு சோதனை. வீட்டின் அடித்தளத்தில் நண்பர்களோடு வாசித்துக்கொண்டு இருந்தபோது ரேடியோக் கருவியில் கை பட்டு, மின்சாரம் தாக்கியது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம். பழையபடி வாசிக்கச் சுமார் இரண்டு ஆண்டுகள் ஆயின.

தாய் சொன்ன குறை

1943-ல் லெஸ் பால் ஹாலிவுட்டுக்குக் குடியேறினார். அமெரிக்காவின் முதன்மையான பாடகராக விளங்கிய பிங் கிராஸ்பியோடு சேர்ந்து வாசித்தார். 1945-ல் இருவரும் சேர்ந்து பதிவு செய்த ஒரு பாட்டு நாட்டிலேயே முதல் இடத்தைப் பிடித்தது. பேரும் பணமும் வந்தன. வேறு யாராக இருந்தாலும் இத்தோடு திருப்தி அடைந்திருப்பார்கள்.

அந்தச் சமயத்தில் சிகாகோவில் அவருடைய கச்சேரி நடந்தது. தாய் எவ்லின் அங்கே வந்திருந்தார். முதல் நாள் இரவு ரேடியோவில் உன் வாசிப்பைக் கேட்டேன், நன்றாக இருந்தது என்று மகனிடம் சொன்னார்.

லெஸ் பாலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் நாள் இரவு அவர் ரேடியோவில் வாசிக்கவே இல்லை. மேடையில் இருந்தார். அவரைப் போலவே வாசிக்கும் வேறு ஒருவருடைய இசையைத்தான் தாய் கேட்டிருக்கிறார்!

பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை என்றால், அந்த வாசிப்புக்கு என்ன தனித்தன்மை இருக்கிறது? தாயும் அதைத்தான் சொன்னார். லெஸ் பால் ஹாலிவுட்டுக்குத் திரும்பினார். வெளி வேலைகளைக் குறைத்துக்கொண்டு, கார் ஷெட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். உலகத்தில் யாரிடமும் இல்லாத கிட்டார் ஓசையைக் கண்டுபிடிக்காமல் வெளியே வருவதில்லை என்று முடிவு செய்தார்.

கார் ஷெட் ஸ்டூடியோ

சொந்தமாக ஸ்டூடியோ கட்டிக்கொள்ளும்படி பிங் கிராஸ்பி ஏற்கனவே தூண்டியிருந்தார். லெஸ் பாலின் ஸ்டூடியோ கர்சன் அவென்யூ என்ற தெருவில், வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்தான்.

அந்தக் காலத்தில் டேப் ரிக்கார்டர் கடைக்கு வரவில்லை. சுழலும் மெழுகு போன்ற தட்டில் முள்ளால் கீறித்தான் ஒலிப்பதிவு செய்வார்கள். தட்டு ஒரே சீராகச் சுழலவேண்டும். கொஞ்சம் தள்ளாடினாலும் சுருதி கெட்டுப்போகும். விலை உயர்ந்த கருவி வாங்குவதற்குப் பதிலாக, காடிலாக் காரின் என்ஜினில் இருக்கும் கனமான சக்கரத்தை லெஸ் பால் வாங்கிவந்தார். அது துளியும் ஆடாமல் சுற்றும். அதையே ஒலிப்பதிவுக் கருவியின் சுழல்தட்டு ஆக்கினார்!

மின்சார கிட்டாரைப் பதிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒலிபெருக்கியில் வாசித்து, அதற்கு எதிரே மைக் வைத்துப் பிடிப்பது ஒரு வழி. பெரிய ஸ்டூடியோவுக்கு இது பொருந்தும். வீட்டில் இப்படிச் செய்தால் தெருவில் போகும் காரின் சத்தம், நாய் குரைப்பது, சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி எல்லாம் சேர்ந்து விழும். லெஸ் பால் இரண்டாவது வழியைப் பிடித்தார். கிட்டாரின் கம்பியை ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோகாமல், நேராகப் பதிவுக் கருவியிலேயே இணைத்தார். காற்றுக்கு அங்கே வேலை இல்லை. அதனால் இரைச்சலுக்கும் வழி இல்லை. ஒவ்வொரு சுரமும் துடைத்துவைத்த வெள்ளிப் பாத்திரம் போல் பளிச்சென்று வந்தது.

ஆனால் அதில் ஒரு குறை. அப்படிப் பதிவாகும் ஓசை வறண்டு இருக்கும். பெரிய மண்டபத்தில் பாடினால் குரலுக்குக் கிடைக்கும் நிறைவு அதில் இருக்காது. பெரிய கம்பெனிகள் எதிரொலிக்காகவே தனி அறை வைத்திருந்தன. கார் ஷெட்டில் அதற்கு எங்கே போவது? தட்டில் ஓசையைக் கீறும் முள்ளுக்குச் சற்றுப் பின்னால், கேட்கும் முள் ஒன்றை வைத்தார். கீறிய ஓசை, ஒரு கணம் கழித்து அந்த முள்ளுக்கு வரும். அதை எடுத்து மறுபடி பதிவோடு கலந்தார். அறை இல்லாமலே எதிரொலி பிறந்தது!

எட்டு கிட்டார் ரகசியமும் இதைப் போன்றதுதான். இரண்டு பதிவுக் கருவிகளை வைத்துக்கொண்டார். முதல் தட்டில் ஒரு கிட்டாரை வாசித்துப் பதிவு செய்வார். அந்தத் தட்டை ஓடவிட்டு, கூடவே இரண்டாவது கிட்டாரை வாசிப்பார். இரண்டும் சேர்ந்து இரண்டாவது தட்டில் பதிவாகும். அதை ஓடவிட்டு மூன்றாவது கிட்டார். இப்படி எட்டு வரையில்.

வேகத்துக்கும் உச்ச சுருதிக்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். தட்டைப் பாதி வேகத்தில் சுற்றவிட்டு நிதானமாக வாசிப்பார். பிறகு முழு வேகத்தில் ஓடவிட்டால், வாசிப்பு இரண்டு மடங்கு வேகமாகும். சுருதியும் ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்தவருக்குத்தான் கஷ்டம் தெரியும். ஏழாவது கிட்டாரில் ஒரு விரல் தவறினால் அந்தத் தட்டு பாழ். ஒவ்வொரு முறை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் போகும்போதும் பழைய ஓசை கொஞ்சம் மங்கும். அதனால் முக்கியம் இல்லாத பகுதிகளை முதலிலும், முக்கியமான பகுதிகளைக் கடைசியிலும் வாசிக்கவேண்டும் என்று கண்டுபிடித்தார். வீட்டில் கோலம் போடுகிறவர்கள் முதலில் புள்ளி வைப்பதுபோல், முழு இசையும் மனதில் இருந்தால்தான் இது நடக்கும். நூற்றுக்கணக்கான தட்டுகள் குப்பைக்குப் போயின.

"லவர்" தயாரானது. கேபிடல் என்ற இசைத்தட்டுக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது.

கோர விபத்து

1948-ம் ஆண்டு ஜனவரி மாதம். பனிக்காலம். விஸ்கான்சினில் உறவினர்களைப் பார்த்துவிட்டு லெஸ் பால் காரில் திரும்பிக்கொண்டு இருந்தார். காரை ஓட்டியவர் காலின் சம்மர்ஸ் என்ற இளம் பாடகி. நல்ல குரல், கிட்டாரும் நன்றாக வாசிப்பார். இருவரும் சேர்ந்து கச்சேரி செய்யத் திட்டம் போட்டிருந்தார்கள்.

ஓக்லஹோமா மாகாணத்தில் டேவன்போர்ட் என்ற ஊர் அருகே, பனி உறைந்த சாலையில் கார் சறுக்கியது. ரெயில் பாதைக்கு மேலே இருந்த பாலத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது.

காலின் தப்பினார். லெஸ் பாலின் வலது முழங்கை நொறுங்கிப்போயிற்று.

கிட்டார் வித்வானுக்கு வலது கைதான் மீட்டும் கை. அதை எடுத்துவிடலாமா என்று டாக்டர்கள் யோசித்தார்கள். கடைசியில், கையைக் காப்பாற்றலாம், ஆனால் முழங்கை இனிமேல் மடங்காது, நீளாது என்று சொன்னார்கள். எந்த நிலையில் பொருத்துகிறோமோ, ஆயுள் முழுவதும் அதே நிலையில்தான் இருக்கும்.

லெஸ் பால் ஒரு விநோதமான வேண்டுகோள் விடுத்தார். கிட்டாரைப் பிடித்து மீட்டும்போது கை எப்படி மடங்கியிருக்குமோ, அதே கோணத்தில் பொருத்திவிடும்படி கேட்டுக்கொண்டார். டாக்டர்கள் அப்படியே செய்தார்கள்.

குணமாக ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகள், நிமிர்த்த முடியாத அந்தக் கையோடுதான் வாழ்ந்தார். சட்டை போடுவதும், தலை வாருவதும் கஷ்டமாக இருந்திருக்கும். கிட்டார் மட்டும் கையில் கச்சிதமாகப் பொருந்தியது.

நாலாவது தலை

1949-ல் பிங் கிராஸ்பி ஒரு பரிசு கொடுத்தார். ஆம்பெக்ஸ் கம்பெனியின் டேப் ரிக்கார்டர்! ஜெர்மனியில் உருவான அந்தக் கருவியை, யுத்தம் முடிந்ததும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஜாக் முல்லின் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்து ஆம்பெக்ஸ் கம்பெனி செய்யத் தொடங்கியது. கிராஸ்பி அந்தக் கம்பெனிக்கு 50 ஆயிரம் டாலர் கொடுத்து ஆதரித்தவர்.

டேப் ரிக்கார்டரில் மூன்று "தலை"கள் இருக்கும். ஓடும் நாடாவில் பழைய ஓசையை முதல் தலை அழிக்கும். இரண்டாவது தலை புதிய ஓசையைப் பதியும். மூன்றாவது தலை அதைக் கேட்கவைக்கும். லெஸ் பால் அதில் நாலாவதாக ஒரு தலையைப் பொருத்தினார். பின்னால் அல்ல, எல்லாவற்றுக்கும் முன்னால்! அழிக்கும் தலைக்கு நாடா போவதற்கு முன்பே, பழைய ஓசையை இந்தத் தலை வாசித்துவிடும். அதோடு புதிய வாசிப்பைச் சேர்த்து மறுபடி அதே நாடாவில் பதிந்துவிடலாம். இரண்டு கருவிகள் செய்த வேலையை ஒன்றே செய்தது. பெட்டியில் வைத்து ஊர் ஊராகவும் கொண்டுபோகலாம்.

ஆனால் இதில் உள்ள ஆபத்தைக் கவனிக்கவேண்டும். புதியது பதியும்போது பழையது அழிந்துவிடுகிறது. பதினைந்து பகுதிகள் நன்றாக வந்து, பதினாறாவதில் ஒரு இருமல் வந்தால்கூட, முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

அதே 1949-ம் ஆண்டு டிசம்பரில் லெஸ் பாலும் காலினும் திருமணம் செய்துகொண்டார்கள். லெஸ் பாலுக்கு இது இரண்டாவது திருமணம். மேடைக்காகக் காலினுக்கு ஒரு சிறிய பெயர் தேவைப்பட்டது. டெலிபோன் புத்தகத்தைப் புரட்டி, மேரி போர்டு என்று வைத்தார் லெஸ் பால்.

ஒரே மேரி பல மேரியாகப் பாடினார். தன் குரலுக்குத் தானே துணைக் குரல் கொடுத்தார். மைக்குக்கு மிக அருகில் வாயை வைத்து, காதோடு பேசுவது போல் பாடினார். அக்காலத்துப் பாடகர்கள் மைக்கிலிருந்து தள்ளி நின்று பாடுவார்கள். அருகில் நின்று மெதுவாகப் பாடினால் அறையின் எதிரொலி விழாது. வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு இது பெரிய லாபம்.

1951 ஜனவரியில் நியூயார்க் நகரின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில், ஒரு குடியிருப்பின் அடித்தள அறையில் அவர்கள் "ஹவ் ஹை தி மூன்" என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். அது 1940-லேயே வந்த பாட்டு. எத்தனையோ பேர் பாடிப் பழசாகிவிட்டது. லெஸ் பாலும் மேரியும் அதில் பன்னிரண்டு கிட்டார், பன்னிரண்டு குரல் என்று அடுக்கினார்கள். அந்தத் தட்டு ஒன்பது வாரங்கள் அமெரிக்காவில் முதல் இடத்தில் இருந்தது. 1953-ல் வந்த "வாயா கான் டியோஸ்" பதினோரு வாரங்கள் முதல் இடம்!

கேலி செய்தவர்கள் தேடி வந்தார்கள்

1950-ல் லியோ பெண்டர் என்பவர் கூடு இல்லாத மரக் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வியாபாரம் நன்றாக நடந்தது. துடைப்பக் கட்டை என்று கேலி பேசிய கிப்சன் கம்பெனி விழித்துக்கொண்டது. அந்த மனிதரைக் கண்டுபிடியுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். 1952-ல் தங்க நிறத்தில் "லெஸ் பால் கிட்டார்" வெளிவந்தது.

கூடு இல்லாத கிட்டாரையே லெஸ் பால்தான் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது உண்டு. அது முழு உண்மை அல்ல. 1930-களிலேயே ரிக்கன்பாக்கர் கம்பெனி, மடியில் வைத்து வாசிக்கும் உலோகக் கிட்டாரை விற்றது. தட்டின்மேல் தட்டாகப் பதிவு செய்யும் முறையையும், 1941-ல் சிட்னி பெஷே என்ற ஜாஸ் மேதை செய்து பார்த்திருக்கிறார். லெஸ் பால் கிட்டாரின் அமைப்பில் பெரும்பகுதி கிப்சன் கம்பெனியாருடைய வேலை. ஆனாலும் வாத்தியம், எதிரொலி, அடுக்கிப் பதியும் முறை ஆகிய எல்லாவற்றையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து, நாடு முழுவதும் முணுமுணுக்கும் பாட்டாக ஆக்கிக் காட்டியவர் அவர்தான். இதை யாரும் மறுக்கமுடியாது.

அழித்து அழித்துப் பதியும் தொல்லைக்கும் அவர் முடிவு கட்ட விரும்பினார். ஒரே நாடாவில் எட்டுத் தனித்தனிப் பாதைகள் இருந்தால், ஒன்றில் தவறு வந்தாலும் மற்ற ஏழும் பிழைக்கும். ஆம்பெக்ஸ் கம்பெனியிடம் சொல்லி அப்படி ஒரு கருவியைச் செய்ய வைத்தார். 1957-ல் அது வந்து சேர்ந்தது. விலை 10 ஆயிரம் டாலர். எட்டுக் கால் உள்ள கடல் பிராணியின் பெயரால் அதை "ஆக்டோபஸ்" என்று அழைத்தார். இன்று கம்ப்யூட்டரில் வீட்டில் இருந்தபடியே பாட்டுப் பதிவு செய்யும் இளைஞர்கள், திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகளைப் பார்க்கிறார்களே, அந்தப் பாதைகளின் ஆதி இதுதான்.

வீடா, ஸ்டூடியோவா?

கருவி வந்தபோது காலம் மாறியிருந்தது. ராக் அண்ட் ரோல் இசை வந்து, லெஸ் பால்-மேரி ஜோடியின் பாட்டுகளைப் பின்னுக்குத் தள்ளியது.

வீட்டிலும் நிம்மதி குறைந்தது. 1953 முதல் நியூஜெர்சியில் உள்ள மாவா என்ற ஊரில், அவர்களுடைய வீட்டிலேயே டெலிவிஷன் நிகழ்ச்சியைப் படம் பிடித்தார்கள். சமையல் அறையில் பாட்டு, கூடத்தில் பாட்டு. பார்த்தவர்களுக்கு அது இன்பமான குடும்பம். மேரிக்கோ, வேலை முடிந்து போக வேறு வீடு இல்லை! 1954-ல் குறை மாதத்தில் பிறந்த பெண் குழந்தை சில நாட்களில் இறந்துவிட்டது. ஓயாத பயணமும், ஓயாத பதிவும் மேரியைக் களைக்க வைத்தன. பல குரல்கள் கேட்ட அந்த வீட்டில் பாடிய பெண் ஒருத்திதான் என்பதை லெஸ் பால் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

1964-ல் இருவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள். மேரி 1977-ல் காலமானார்.

கிப்சன் கம்பெனியும் 1960-களின் தொடக்கத்தில் அந்த கிட்டாரை நிறுத்திவிட்டது. ஆனால் இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன் போன்ற இளைஞர்கள், பழைய லெஸ் பால் கிட்டாரைத் தேடி வாங்கி, ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்து வாசித்தார்கள். அந்த முரட்டு ஓசைக்கு உலகமே மயங்கியது. கம்பெனி 1968-ல் மறுபடி செய்யத் தொடங்கியது. தன்னை ஓரம் கட்டிய ராக் இசைக்காரர்களின் தோளிலேயே லெஸ் பாலின் பெயர் தொங்கியது! லெஸ் பால் விரும்பியதோ துடைத்துவைத்தது போன்ற சுத்தமான ஓசை. 1971-ல், நேராகப் பதிவுக் கருவியில் இணைப்பதற்கென்றே "ரிக்கார்டிங்" என்ற பெயரில் ஒரு கிட்டாரை வெளியிட வைத்தார். அது அவ்வளவாக விற்கவில்லை.

திங்கட்கிழமைக் கச்சேரி

செட் அட்கின்ஸ் என்ற வித்வானோடு சேர்ந்து 1976-ல் வெளியிட்ட தட்டு பரிசு வாங்கியது. 1980-ல் இருதய ஆபரேஷன். இனி ஓய்வுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1984 முதல், நியூயார்க்கில் ஒரு சிறிய கிளப்பில் திங்கட்கிழமைதோறும் வாசிக்கத் தொடங்கினார். 1996-ல் இரிடியம் என்ற கிளப்புக்கு மாறினார். மூட்டுவாதம் வந்து விரல்கள் ஒவ்வொன்றாக முடங்கின. மீதி இருந்த சில விரல்களுக்கு ஏற்ப வாசிப்பை மாற்றிக்கொண்டார். பெரிய பெரிய கிட்டார்க்காரர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

2005-ல் அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர்கள் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2006-ல், 90 வயதில், இரண்டு கிராமி பரிசுகள் வாங்கினார். அவருடைய "கட்டை" நாஷ்வில் நகரில் உள்ள நாட்டுப்புற இசைக் காட்சிசாலையில் இடம் பெற்றது.

2009-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி, நிமோனியா காய்ச்சலால் லெஸ் பால் காலமானார். வயது 94. கடைசிக் கோடைகாலம் வரை திங்கட்கிழமைக் கச்சேரியை அவர் விடவில்லை.

தாய் எவ்லின் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, அவருக்கு முன்பே இறந்திருந்தார். அவரை அடக்கம் செய்த வாக்கிஷா கல்லறைத் தோட்டத்திலேயே மகனையும் அடக்கம் செய்தார்கள்.